கால் வரை இறங்கும் இடுப்பு வலி: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

இடுப்பில் ஆரம்பித்து புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கும் வலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் 19 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த வலிக்காரர்கள்தான். பெயர்களை எடுத்துவிட்டு, வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

தையல் வேலை, திருப்பூர், வயது 41: மேடம், மூன்று வாரமாக இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. மெஷினில் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. ஒரு மாதம் அசையாமல் படுத்திருக்கச் சொல்கிறார்கள் வீட்டில். படுக்கட்டுமா?

படுக்காதீங்க அண்ணா. நெதர்லாந்தில் சயாட்டிகா, அதாவது நரம்பு அழுந்தி இப்படிக் கால் வரை இறங்கும் வலி, வந்த 183 பேரில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மீதிப் பேரை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 1999-ல் முடிவு வெளியானது. 12 வாரத்தில் இரு பக்கமும் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. படுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பலனும் இல்லை. ஒரு மாதம் படுத்தால் முதுகுத் தசை இளைப்பதும் கூலி போவதும்தான் மிச்சம். வலி உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு மெஷினில் வலி கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்வீடனில் நாச்செம்சன் என்ற மருத்துவர் 1960-களில் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அதிகம். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இன்னும் அதிகம். தையல்காரர் நாள் முழுக்க இருப்பது அந்த நிலையில்தான். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, இடுப்பில் கை ஊன்றி ஐந்து தடவை பின்னால் வளையுங்கள். ஸ்டூலை உயர்த்தி, முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கும்படி உட்காருங்கள். படுத்துச் செய்யும் பயிற்சியைக் கீழே இன்னொருவருக்கு எழுதுகிறேன், அது உங்களுக்கும்தான்.

ஐடி வேலை, சென்னை, வயது 33: எம்ஆர்ஐ-யில் "எல்5 எஸ்1 டிஸ்க் பல்ஜ்" என்று வந்திருக்கிறது. இனி ஜிம் பக்கமே போகக் கூடாதா? ஜவ்வு திரும்ப உள்ளே போகுமா?

அந்த ரிப்போர்ட்டை எத்தனை தடவை படித்திருப்பீர்கள் என்று தெரிகிறது. இடுப்பின் அடியில் கடைசி ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். வலியே இல்லாத ஆட்களை எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். அதனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. நிஜமாகவே ஜவ்வு வெளியே வந்து நரம்பைத் தொட்டிருந்தாலும், அதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பெரிதாக வெளியே வந்த துண்டுதான் நன்றாகக் கரையும் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஜிம்முக்குப் போகலாம், இப்போது வேண்டாம். கால் வலி அடங்கி ஆறு வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் சிட்-அப்பை விட்டுவிடுங்கள்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்: யூடியூப்பில் ஆளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறார்கள். ஒருத்தர் முன்னால் குனி என்கிறார், இன்னொருத்தர் பின்னால் வளை என்கிறார். எதை நம்புவது?

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை உங்கள் வலியிடமே இருக்கிறது.

1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வாரக் கணக்கில் கால் வலி குறையாத ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காக மேஜையின் தலைமாடு உயர்த்தியே இருந்தது. வந்தவர் அதில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் நன்றாக வளைந்த நிலை. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சி பதறிப்போனார். படுத்திருந்தவரோ, காலில் வலியே இல்லை, இடுப்பு நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றாராம்.

காலில் இருந்த வலி பின்வாங்கி இடுப்புக்கு வந்ததுதான் முக்கியம். நான் யாருக்கும் முதலில் பயிற்சி சொல்வதில்லை. "வலி எதுவரை வருகிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க" என்பேன். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் விரல் நிற்கும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். பத்துத் தடவை ஒரு பயிற்சி செய்த பிறகு மறுபடி தொடச் சொல்வேன். விரல் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தால் அந்தத் திசை உங்களுக்கு மருந்து, இடுப்பில் வலி கூடியிருந்தாலும் சரி. விரல் பாதத்துக்கு இறங்கியிருந்தால் நிறுத்திவிட வேண்டும், யார் சொன்ன பயிற்சியாக இருந்தாலும்.

ஜவ்வு வலி உள்ள பலருக்கு ஒத்துவருவது பின்வளைவு. பாயில் இரண்டு நிமிடம் குப்புறப் படுங்கள். பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம். அதில் வலி காலில் இன்னும் கீழே போகாவிட்டால், உள்ளங்கையை ஊன்றி மேல் உடம்பைத் தூக்குங்கள். இடுப்பும் புட்டமும் தளர்ந்து தொங்க வேண்டும். புட்டத்தை இறுக்கினால் பலன் போய்விடும். உச்சியில் ஒரு நொடி நின்று இறங்குங்கள். பத்துத் தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலையில் மொத்தமாக ஒரு மணி நேரம் செய்துவிட்டு நாள் முழுக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் நிற்காது. வண்டி நிறுத்தும் இடத்தில் டயர் பக்கம் நின்று பின்னால் வளைவதும் கணக்குதான். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இல்லத்தரசி, விழுப்புரம்: என் வீட்டுக்காரருக்கு வயது 46. ஒரு மாதமாக இரண்டு காலிலும் இழுப்பு. நேற்றிலிருந்து சிறுநீர் சரியாக வரவில்லை, உட்காரும் இடம் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். எந்தப் பயிற்சி கொடுக்கலாம்?

அம்மா, பயிற்சி வேண்டாம். இதைப் படித்ததும் அவரை அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நாளை காலை வரை காத்திருக்க வேண்டாம். "சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது" என்று இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் மாதிரி இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி வரும். மணிக்கணக்கில் தாமதித்தாலே சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுகிறவர்களும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியை, தஞ்சாவூர்: அம்மாவுக்கு 68 வயது. ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்துக் குடைகிறது, திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. புஜங்காசனம் செய்யச் சொன்னேன், வலி அதிகமாகிவிட்டது.

உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் நெடுந்தூரம் போகிறாரா என்று பாருங்கள். ஆமாம் என்றால், வயதாகும்போது நரம்பு போகும் பாதை குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வளைந்தால் பாதை இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் அகலும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பத்துத் தடவை, காலையும் மாலையும். வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் ரொம்ப நல்லது. கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும், அதனால் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

காரைக்குடி, வயது 52: பகலில் பரவாயில்லை மேடம். விடிகாலையில் கோலம் போடக் குனிந்தால் சுருக்கென்று பிடித்துக்கொள்கிறது.

ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாகவே இருக்கிறோம். உப்பிய ஜவ்வோடு குனிந்தால் அழுத்தம் பல மடங்கு. காலையில் குனிவதைத் தள்ளிப்போட்டாலே நாள்பட்ட இடுப்பு வலி குறைகிறது என்று 1998-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எழுந்ததும் பால் காய்ச்சுங்கள், வாசலில் நடங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கோலம் போடுங்கள். கோலம் விடிந்த பிறகு விழுந்தாலும் அழகுதான்.

வங்கி ஊழியர், கோவை: எனக்கு வலி போய்விட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை திரும்பி வருகிறது. அதைத் தடுக்க என்ன செய்ய?

நடங்கள். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். கூடவே, முழங்காலும் கையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து நொடி நிறுத்தும் பயிற்சியைச் சேருங்கள். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக் கூடாது, அவ்வளவு அசையாமல்.

மறுபடியும் திருப்பூர்: மேடம், லாரிக்காரருக்கு எழுதியதைப் படித்துவிட்டு இப்போதே பாயைப் போட்டுச் செய்து பார்த்தேன். கெண்டைக்காலில் இழுப்பு போய்விட்டது, ஆனால் புட்டத்திலும் இடுப்பிலும் வலி முன்னைவிட அதிகமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீங்க அண்ணா, நாம் எதிர்பார்த்தது அதுதான். வலி வந்த வழியே திரும்பிப் போகிறது. இன்று ராத்திரி படுக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள். நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்காராதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாளைக் காலை எழுந்து நடமாடிய பிறகு, வலி எதுவரை வருகிறது என்று தொட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.