பாம்பன் பாலம் பொறித்த காசு: தாராளமாக அடியுங்கள், கடற்கரையில் ஒளிக்காதீர்கள்

கேள்வி: உச்சிப்புளியில் கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். துபாயில் வேலை பார்த்தபோது ஜியோகேச்சிங் பழக்கமானது. ஒரு பக்கம் பாம்பன் பாலம், மறுபக்கம் ஆவுளியா (கடல்பசு) என நூறு ஜியோகாயின் அடிக்க ஆசை. சிலவற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றைத் தனுஷ்கோடி, மண்டபம் பக்கம் ஒளித்துவைக்கலாம் என்று திட்டம். தெரிந்த முகவர் ஒருவர் நூறு காசுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார், பாதியை முன்பணமாகத் தரவேண்டுமாம். கண்காணிப்பு எண்ணையும் தானே போட்டுத் தருவாராம். மூன்று சிங்க முத்திரையைச் சேர்த்தால் பின்னாளில் ஒரு காசு ஐயாயிரத்துக்குப் போகும் என்கிறார். நம்பலாமா? ஒளித்துவைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: நம்ப வேண்டாம். சிங்க முத்திரை என்று அவர் வாயைத் திறந்த நிமிடமே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு ஓரிரு வரி. ஒருவர் ஒரு டப்பாவை மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியதும் அங்கே ஆரிகன் மாநிலத்தில் இது தொடங்கியது. டப்பாவுக்கு டப்பா ஊர்சுற்றும் அடையாளக் காசுதான் ஜியோகாயின். 2001 முதல் இருக்கிறது. எடுத்தவர் அடுத்த டப்பாவில் போட வேண்டும், அது எங்கெல்லாம் போகிறது என்பதை உரிமையாளர் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்ப்பார்.

பார்க்க முடிவதற்குக் காரணம் காசின்மேல் பொறித்திருக்கும் குறியீடு. ஆறெழுத்தோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். இந்தக் குறியீட்டைக் கொடுப்பது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்து ஜியோகேச்சிங் தளத்தை நடத்தும் நிறுவனம். அவர்களோடு ஏற்பாடு வைத்திருக்கும் தயாரிப்பாளர் வழியாக, கட்டணம் கட்டி, முன்கூட்டியே ஒதுக்கி வாங்க வேண்டும். உங்கள் முகவர் 'தானே போட்டுத் தருவார்' என்றால், அவருக்குத் தோன்றிய எழுத்துகளை லேசரில் செதுக்கித் தருவார் என்றுதான் பொருள். நூறு அழகான வில்லைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூட ஊர்சுற்றாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் விலகிவிடுவார்.

சோதிப்பது சுலபம். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், மாதிரிக் காசில் உள்ள குறியீட்டை அந்தத் தளத்தில் தட்டுங்கள். உண்மையான புதுக் காசு என்றால், 'இன்னும் பதிவாகவில்லை, செயல்படுத்தும் எண்ணைத் தருக' என்ற பொருளில் கேட்கும். அப்படி ஒன்றே இல்லை என்று வந்தால் அது வெறும் கிறுக்கல். வேறொருவர் பெயரும் அவருடைய காசின் படமும் வந்தால் இன்னும் மோசம், யாரோ வெளியிட்ட படத்திலிருந்து எண்ணைத் திருடியிருக்கிறார்கள். ஆகவே நீங்களும் உங்கள் காசைப் படம் எடுக்கும்போது குறியீட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துவிடுங்கள். மீன் அதிகம் கிடைக்கும் கடலடிப் பார் எங்கே இருக்கிறது என்ற ஜி.பி.எஸ். எண்ணைப் பாம்பன் மீனவர் எப்படிப் பக்கத்துப் படகுக்குக் காட்டமாட்டாரோ, அப்படிக் காக்க வேண்டிய எண் இது. வெளியானால், காசைக் கண்ணால் பார்க்காதவர்களெல்லாம் 'கண்டேன்' என்று பதிவு போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள்.

அடுத்தது அச்சு. காசு அடிப்பதில் முதல் பெரும் செலவு அச்சு வெட்டுவதுதான். அது கையில் இருந்தால் அடுத்த நூறு காசுக்குச் செலவு வெகுவாகக் குறையும். அதனால்தான் 'நூறு மட்டுமே' என்று உங்களிடம் சொல்லிவிட்டு, அதே அச்சில் இன்னும் இருநூறு அடித்து ஏல தளங்களில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்கூலி தனி வரியாகவும், வேலை முடிந்ததும் அச்சு உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்பது இன்னொரு வரியாகவும் ரசீதில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு முகவர் முகம் சுளித்தாலும் நடையைக் கட்டுங்கள்.

'பின்னாளில் ஐயாயிரம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு இருந்தால் லட்சம் தருகிறோம் என்று ஊரை ஏய்த்த கூட்டத்தின் பேச்சு இது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு விற்பனைக்குக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. கூட்டம் குறைந்ததா? அவர்களுக்கு மூத்தவர்கள் இரிடியம் கும்பல். அரிசியை இழுக்கும் செம்புக் காசு, கோபுரக் கலசத்து இரிடியம், வெளிநாட்டு விஞ்ஞானி வந்து சோதிப்பார் என்று கதை கட்டி, நிலத்தை விற்கவைத்துப் பணம் பறிப்பவர்கள். புரியாத எழுத்துகள் பொறித்த, இணையத்தில் தட்டினால் ஆங்கிலத்தில் ஏதோ வரும் ஒரு பளபளப்பான உலோக வில்லை அந்தக் கும்பல் கையில் கிடைத்தால் எப்படிப்பட்ட தூண்டில் என்று யோசித்துப் பாருங்கள். 'பார், அமெரிக்கக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கிறது' என்று காட்டினால் போதாதா? எனவே காசின்மேல் தமிழிலேயே 'விளையாட்டு வில்லை, விற்பனைக்கு அல்ல' என்று அடியுங்கள். உங்கள் நூறு காசும் முதலீடு ஆகாது. மாற்றிக்கொள்ளத்தான், மகிழத்தான்.

சிங்க முத்திரை கூடவே கூடாது. அரசு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். முகவர் சொன்ன அதே ஐயாயிரம்! ரூபாய்க் குறி, மதிப்பு எண், 'இந்தியா' என்ற சொல்லோடு ஆண்டு போன்றவற்றையும் தவிருங்கள். பணமாகப் புழங்க உலோக வில்லை அடிக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே என்கிறது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். நீங்கள் அந்த எண்ணத்தில் அடிக்கவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். பத்து ரூபாய்க் காசின் விட்டம் 27 மில்லிமீட்டர். ஜியோகாயின் வழக்கமாக 38-க்கு மேல். 44 வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே வராது.

வடிவமைப்பில் ஒரே ஒரு யோசனை. பழைய பாம்பன் பாலத்தை முழு நீளத்துக்கு வரையாதீர்கள். 44 மில்லிமீட்டருக்குள் இரண்டு கிலோமீட்டர் பாலத்தை அடக்கினால், இரும்புச் சட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி இருக்கும். கால் மில்லிமீட்டருக்கு மெலிந்த கோடு அச்சில் நிற்காது. கப்பலுக்கு வழிவிட்டு இரண்டு கைகளும் மேலே தூக்கி நின்றதே, அந்த நடுப்பகுதியை மட்டும் பெரிதாக வையுங்கள். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தின் முகமே அதுதான். ஆவுளியா நல்ல தேர்வு, வழவழப்பான உடம்பு, புடைப்புருவத்துக்கு அப்படியே உட்காரும்.

உலோகம் பித்தளையாக இருக்கட்டும். முகவர்கள் தள்ளிவிடுவது துத்தநாகக் கலவை, விலை மலிவு. கடலோரம் இல்லாத ஊர்களில் பரவாயில்லை. உங்கள் ஊர் உப்புக்காற்றில் முலாம் ஓர் ஊசிமுனை அளவு பெயர்ந்தாலும் உள்ளிருந்து வெள்ளைப் பொடி கிளம்பி, எனாமலைப் பெயர்த்துத் தள்ளிவிடும். சங்கிலி கோக்க ஓட்டை வேண்டுமென்றால் அச்சிலேயே வைக்கச் சொல்லுங்கள். பிறகு துளைபோட்டால் துளையின் உள்சுவரில் முலாம் இருக்காது, அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி ஒளிக்கும் இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது, டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. தனுஷ்கோடி மணல் பங்குனி ஆமை முட்டையிடும் இடம். 1964 புயலில் இடிந்த கட்டடங்களின் கற்களைப் பெயர்த்து ஒளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மீதியிருக்கும் சுவர்களாவது நிற்கட்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. இவற்றின் பக்கத்தில் மறைத்த டப்பா கண்ணில் பட்டால் வெடிகுண்டு நிபுணர்தான் வருவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தங்கம். இலங்கையிலிருந்து கடத்திவரும் தங்கத்தை, துரத்தினால் கடலில் வீசிவிட்டு, இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வந்து எடுப்பது இந்தக் கடலோரத்தில் கடத்தல்காரர்களின் வழக்கம். 2023-ல் மண்டபம் கடலில் முக்குளிப்பவர்களை இறக்கிப் பொதி பொதியாக எடுத்தார்கள். அதே கரையில் நீங்கள் கைபேசியில் எண்களைப் பார்த்தபடி தாழம்புதருக்குள் குனிந்து, தங்க முலாம் பூசிய காசு இருக்கும் டப்பாவை வைக்கிறீர்கள். சுங்கத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், க்யூ பிரிவு என்று மூன்று பேரிடமும் தனித்தனியாக 'இது விளையாட்டு' என்று விளக்க வேண்டும். விளையாடுவதற்கு ஓர் அனுமதிப் படிவம் உண்டா என்று கேட்டால், எந்த மேசையிலும் இல்லை. எதையும் தடுக்க ஆள் இருக்கிறார்கள், இதைச் செய்யலாம் என்று எழுதித்தர ஒருவர் இல்லை. இன்னொன்று: செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியைத் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தால் வெளியே எடுக்கவே வேண்டாம். நம் நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும். சாதாரணக் கைபேசியே போதும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் பெயரில் பட்டா உள்ள தோப்பு. ஆனால் இதிலும் அவசரம் வேண்டாம். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் தோப்புக்குள் சுற்றினால், நீங்கள் ரகசியமாக நிலத்தை விலைபேசுகிறீர்கள் என்று மறுநாளே பஞ்சாயத்து கூடிவிடும். பனையைக் குத்தகைக்கு விட்டிருந்தால் பனையேறியிடமும் சொல்ல வேண்டும், கலயத்தைத் தொடுகிறார்கள் என்று அவர் அரிவாளோடு வந்தால் தப்பு அவர்மேல் இல்லை. தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு புறம்போக்குத் துண்டு இருக்கும். வேலியைத் தாண்டி அதில் வைத்துவிடாதீர்கள், நில அளவைப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் பிசகும். ஆகவே எல்லையோரப் பனையை விட்டுவிட்டுத் தோப்பின் நடுவில் உள்ள மரத்தைத் தேர்ந்தெடுங்கள், பிசகினாலும் உங்கள் நிலத்துக்குள்ளேயே பிசகட்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டாம். மூடி இறுக்கமான, உள்ளே தெரியும் டப்பா, மேலே தமிழில் விவரம், உங்கள் கைபேசி எண். பக்கத்தில் வேறு டப்பா இருந்தால் 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி உங்களைத் தொடாது, அக்கம்பக்கத்தில் ஒளித்தவர் யாரும் இருக்கப்போவதில்லை.

அதே காரணத்தால் டப்பாவில் போடும் காசு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அசல் காசை வீட்டில் வைத்துக்கொண்டு, அதே குறியீடு எழுதிப் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையை ஊர்சுற்ற அனுப்புவது சேகரிப்பாளர்களின் வழக்கம். திருடுபோனால் இன்னொரு அட்டை. துபாய் போகும் நண்பர் கையில் கொடுத்து அங்குள்ள டப்பாவில் போடச் சொன்னால் இன்னும் சீக்கிரம் நகரும்.

தபாலில் மாற்றிக்கொள்ளும்போது சுங்கப் படிவத்தில் 'காசு' என்று எழுதாதீர்கள். காப்பீடு இல்லாத தபாலில் நாணயம் அனுப்பத் தடை இருப்பதால் கவுன்டரிலேயே திருப்பிவிடுவார்கள். 'உலோக நினைவு வில்லை, பணமதிப்பு இல்லாதது' என்று எழுதி, வாங்கிய விலையை உள்ளபடி போடுங்கள். எதிர்ப்பக்கம் அனுப்புகிறவர் 'பரிசு' என்று எழுதினால் வரி இல்லை என்ற காலம் 2019 டிசம்பரோடு போயிற்று. வரியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே மாற்றிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கேள்வியில் தெளிவில்லை. கொடுக்கவில்லையென்றால் தயாரிப்பாளருக்கு நீங்களே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். அவர்களுடைய பட்டியலை ஜியோகேச்சிங் தளத்திலிருந்தே கேட்டு வாங்கலாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், குறியீடுகள் யார் பெயரில், எந்தத் தயாரிப்பாளர் வழியாக ஒதுக்கப்பட்டன என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், இன்றே ஒரு ரசீதாவது எழுதி வாங்குங்கள்.