முதுகுத்தண்டு அடிபட்டு ராணுவத்திலிருந்து வீடு திரும்புகிறவரின் குடும்பம் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: அக்காவின் கணவர் ராணுவத்தில் நாயக். பணியில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளும் தோள்களும் நன்றாக இருக்கின்றன. இரண்டு மாதத்தில் மெடிக்கல் போர்டு (உடல் நிலையைப் பார்த்து முடிவு சொல்லும் ராணுவ மருத்துவக் குழு) முடிந்து மன்னார்குடி பக்கத்துக் கிராமத்துக்கு வருகிறார். பழைய ஓட்டு வீடு, ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம், வயதான தாயார், எட்டு வயதுப் பையன். அக்கா இப்போதே சரியாகத் தூங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

ஒன்றை முதலிலேயே குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். உங்கள் அக்கா அவருக்கு நர்ஸ் ஆகக் கூடாது. ராத்திரி புரட்டிப் போடுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, மலம் எடுப்பது எல்லாம் ஒரே பெண்ணின் கையில் விழுந்தால் முதலில் அவர் தூக்கம் போகும், பிறகு இடுப்பு போகும், அதன் பிறகு இருவரும் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்வதே நின்றுபோகும். மாமாவுக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன என்பது மிகப் பெரிய விஷயம். சிறுநீர், மலம், தோல், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது ஆகிய நான்கையும் அவரே செய்யக் கற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் அதை வீட்டுக்கு வருவதற்கு முன்பே கற்க வேண்டும். வீட்டில் கையை நீட்டினால் யாராவது ஓடி வருவார்கள். கற்றல் அங்கேயே நின்றுவிடும். புனே கட்கி ராணுவ மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸும் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேரில் இருந்தவர்தான். தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல் தகுதிச் சோதனையில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். மாமாவிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தைகளைவிட அது அவருக்கு உதவும். டிஸ்சார்ஜுக்கு முன் பத்து நாளாவது அக்காவும் நீங்களும் அவர் பயிற்சி பெறும் இடத்தில் கூட இருங்கள். நர்ஸ் செய்வதைப் பார்க்க வேண்டாம். மாமா செய்வதைப் பாருங்கள்.

சிறுநீர். உணர்வில்லாத சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தால், சிறுநீர் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தையே கெடுக்கும். அதனால்தான் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, சுத்தமான கையோடு, மெல்லிய கதீட்டரை (சிறுநீர்க் குழாயை) தானே உள்ளே விட்டு வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையை டாக்டர்கள் சொல்கிறார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஐந்து முறை. முதல் மூன்று மாதம் ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரே முறையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். நேரத்தைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் ராத்திரி எழ வேண்டியிருக்காது. கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போகும்போது கூச்சத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். கிருமித் தொற்றும் கல்லும் அங்கேதான் ஆரம்பிக்கும். எப்போதும் உள்ளேயே இருக்கிற குழாய் சுலபமாகத் தெரியும். ஆனால் நாளாக நாளாகத் தொற்றும் கல்லும் அதில்தான் அதிகம். டாக்டர் அதுதான் வேண்டும் என்று சொன்னாலொழிய அந்தப் பக்கம் போகாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேனும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது.

மலத்துக்கு ஒரே நேரம்தான் மருந்து. காலைப் பலகாரம் முடிந்து 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் மெத்தை வைத்த கமோடு நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன மாத்திரையை ஆசனவாயில் வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரம் பிடிவாதமாகச் செய்தால் உடம்பு பழகிவிடும்.

தோல்தான் உயிரை வாங்குகிற இடம். உணர்வில்லாததால் புண் வருவது அவருக்கே தெரியாது. வீல்சேரில் அரை மணிக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பிட்டத்துக்கு அழுத்தம் குறைக்க வேண்டும். காலையும் இரவும் கைப்பிடி வைத்த கண்ணாடியில் பிட்டம், வால் எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மங்கவில்லை என்றால், அது ஆறும்வரை அந்தப் பக்கம் எடை விழக் கூடாது. அங்கே தேய்த்துவிடவும் கூடாது. ஊரில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். சைக்கிள் டியூப், வளைய மெத்தை எதுவும் வேண்டாம். சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தை அது இன்னும் கெடுக்கும். கயிற்றுக் கட்டில் தொட்டிலாகக் குழிந்து வால் எலும்பை அழுத்தும். எண்ணெய் போட்டுக் காலை முறுக்கி இழுக்கிறவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அசையாத கால் எலும்பு மெலிந்திருக்கும், சட்டென்று முறியும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மடியில் சூடான டம்ளர், சித்திரை வெயிலில் காய்ந்த சிமென்ட் தளம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் அவருக்குத் தெரியாமலே சுட்டுவிடும்.

ராத்திரிதான் அக்காவை உருக்கும். ஆரம்பத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை திரும்பிப் படுக்க வேண்டும். மாமாவே கட்டில் கம்பியையோ தலைமாட்டில் கட்டிய துணிப் பட்டையையோ பிடித்துத் திரும்பப் பழக வேண்டும். போனில் அலாரம் போதும். காலையில் தோல் தெளிவாக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். மோட்டார் வைத்த காற்று மெத்தை உதவும், ஆனால் கரண்ட் போனால் அது இறங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மோட்டாருக்கு மிகக் குறைந்த கரண்ட்தான் வேண்டும், அதனால் அந்த பிளக்கை இன்வெர்ட்டரில் கொடுத்துவிடுங்கள். காற்று மெத்தைக்கு அடியில் நல்ல ஃபோம் மெத்தை கட்டாயம் இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பே பதினைந்து நாளுக்கான கதீட்டர், மாத்திரை, பஞ்சு எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் பரண் மேல் ஏறியிருக்க வேண்டும். புயல் சமயத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தசை இழுப்புக்கு பேக்லோஃபென் கொடுத்திருந்தால் அது ஒரு நாள்கூட திடீரென்று நிற்கக் கூடாது, வலிப்பு வரலாம்.

வீட்டு வேலையை இப்போதே தொடங்குங்கள். வெள்ளத்துக்குப் பயந்து நம் வீடுகள் உயரமாகக் கட்டியவை. வாசலில் மூன்று படி, 18 அங்குலம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி. கொத்தனார் பைக் ஏற்றுகிற சரிவைப் போட்டுவிட்டு 'இது போதும்' என்பார். அதில் வீல்சேரைத் தனியாக ஏற்ற முடியாது, இறங்கும்போது முன்னால் கவிழும். வாசலில் 18 அடி இடம் இல்லையென்றால் திண்ணையை ஒட்டி எல் வடிவத்தில் திருப்புங்கள். திரும்பும் இடம் 5க்கு 5 அடி சமதளமாக இருக்க வேண்டும். அகலம் 4 அடி, இரண்டு ஓரமும் 3 அங்குலக் கட்டை. மேல்பூச்சு வழவழப்பாக வேண்டாம். ஈரம் காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது. நிலைப்படியை வெட்டப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அதில் சண்டை வேண்டாம். இரண்டு பக்கமும் ஆப்பு வடிவ மரக்கட்டை வைத்தால் வண்டி ஏறி இறங்கும். கதவு திறந்தால் 32 அங்குலமாவது இடைவெளி கிடைக்கட்டும்.

கொல்லைப்புறக் கழிவறை இவருக்குச் சரிப்படாது. படுக்கும் அறையை ஒட்டியே 6க்கு 7 அடியில் ஒரு குளியலறை, மேற்கத்தியக் கமோடு, சுவரில் ஆழமாகப் பதித்த கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்; அவர் தனியாகக் குளிக்கிற நாளில் அக்காவுக்கு ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். கட்டில் உயரமும் வீல்சேர் இருக்கை உயரமும் ஒன்றாக, 19 அங்குலம் அளவில், இருக்கட்டும்.

காகித வேலை உங்களுடையது. விபத்து பணியில் நடந்தது என்பதைக் காட்டும் காய அறிக்கை, ராணுவ விசாரணைக் குழுவின் (கோர்ட் ஆஃப் என்கொயரி) அறிக்கை, மெடிக்கல் போர்டு அறிக்கை மூன்றின் நகலும் கையில் இல்லாமல் அவர் யூனிட்டை விட்டு வரக் கூடாது. ஊனம் ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டால்தான் ஊன ஓய்வூதியம். துணைக்கு ஆள் வேண்டும் என்பதை மெடிக்கல் போர்டே பரிந்துரைக்க வேண்டும்; உதவியாளர் படி அதை வைத்துத்தான் வரும், அதனால் போர்டு நடக்கும்போதே கேளுங்கள். ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. பிறகும் கிடைக்காவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆவணங்களில் அக்கா பெயர், பிறந்த தேதி, கூட்டுப் புகைப்படம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் வருடா வருடம் உயிர்ச் சான்று தர வேண்டும், மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையில் அக்கா, பையன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் கைகொடுக்கிற இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

ஆறு மா நிலத்தை யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். மேட்டூர் திறந்தால் குறுவையா, சம்பா மட்டுமா என்று முடிவெடுப்பது, நடவு ஆளுக்குச் சொல்வது, உரம் எவ்வளவு, அறுவடை மிஷினுக்கு எந்த நாள், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் பதிவு, எல்லாமே போனில் நடக்கிற வேலைதான். வரப்பில் நடக்கிறவர் நீங்களாக இருங்கள், முடிவு அவருடையதாக இருக்கட்டும். பையன் வீட்டுப்பாடமும் அவரிடமே.

விசாரிக்க வருகிறவர்கள் ஒப்பாரி வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அக்கா காதுபடவே 'வந்தவள் ராசி' என்பார்கள். அதைத் தடுக்க மாமியார் ஒருவரால்தான் முடியும். அவரிடம் இப்போதே தனியாகப் பேசுங்கள். திண்ணையிலேயே காபி கொடுத்து அனுப்பலாம், எல்லோரும் கட்டில்வரை வர வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி நீங்களோ மாமாவின் தம்பியோ அங்கே படுத்துக்கொள்ளுங்கள்; அந்த இரண்டு ராத்திரி அக்கா வேறு அறையில் தூங்கட்டும். 'தேவைப்பட்டால் கூப்பிடு' என்று சொல்லாதீர்கள், அக்கா கூப்பிட மாட்டார். கிழமையைச் சொல்லிவிடுங்கள்.

மாமா ராத்திரியில் திடுக்கிட்டுக் கத்தினால் உலுக்கி எழுப்பக் கூடாது. எட்டி நின்று பெயர் சொல்லி, இது எந்த இடம் என்று சொல்ல வேண்டும். பேச்சு குறைவது, குடி கூடுவது, 'நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது' என்கிற மாதிரிப் பேச்சு வருவது, இவற்றில் எது வந்தாலும் 'சாகணும்னு தோணுதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருக்கிற எண்ணம் வெளியே வரும். பூச்சிமருந்து டப்பாவை அவர் வருவதற்கு முன்பே வீட்டை விட்டு அகற்றி, தேவைக்கு அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அக்காவும் தனக்காகவே அதில் பேசலாம்.

தாம்பத்தியத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் தானாகச் சொல்வது அரிது, கேட்டால் சொல்வார்கள். காயம் பட்ட இடத்தைப் பொறுத்து விறைப்பு ஓரளவு தானே வரலாம், மாத்திரையும் உதவலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது. உறவுக்கு முன்னால் சிறுநீரை வடித்துவிட்டால் பயமில்லை. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் மருத்துவ உதவியோடு முயலவும் வழி உண்டு. சிறுநீர்ப் பாதை டாக்டரிடம் (யூராலஜிஸ்ட்) இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டிய கேள்வி இது. தம்பியான நீங்கள் அக்காவிடம் பேச முடியாது என்றால் உங்கள் மனைவி பேசட்டும், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே.