வாசகர் கேள்வி: பெருங்கதையை ஆங்கிலத்தில் எழுதும்போது

கேள்வி: பெருந்துறை வட்டாரப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். விஜயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையைப் பற்றி, பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சில வாக்கியங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். அவற்றுள் பிழை இருப்பது தெரிகிறது; ஏன் பிழை என்று மாணவர்களுக்கு விளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. திருத்தித் தர வேண்டுகிறேன்.

பதில்: சொந்த மண்ணின் காப்பியத்தைப் பிறமொழியாருக்கும் எடுத்துச் சொல்ல முனைந்த மாணவர்களை முதலில் மனமாரப் பாராட்டுகிறேன். 'கொங்குவேளிர் டிஸ்க்ரைப்ஸ் அபௌட் உஞ்சை' (உஞ்சை என்பது உச்சயினி நகர்) என்பதில் 'அபௌட்' வேண்டாம். அதை நீக்கினால் வாக்கியம் சரியாகிவிடும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கும் இதுவே விதி.

விரிவாகப் பார்க்க வேண்டியது, யானையைப் பற்றிய வாக்கியம். உஞ்சை நகரில் மதங்கொண்டு திரிந்த நளகிரி என்னும் யானையைக் காப்பியத் தலைவன் உதயணன் இசையால் அடக்கும் இடத்தை, 'ப்ளேயிங் ஸ்வீட் மியூசிக், தி எலிஃபன்ட் பிகேம் காம்' என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும் ஆங்கிலேயர், யானையே இசைத்துவிட்டுத் தானே அடங்கியது என்றுதான் பொருள்கொள்வார். இதற்கான விளக்கம் நீங்கள் வகுப்பில் நடத்தும் நன்னூலிலேயே இருக்கிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் (அதாவது எழுவாயின்) வினையைக் கொண்டே முடியும் என்றும், 'செய' என்னும் எச்சம் பிற வினைமுதலையும் ஏற்கும் என்றும் நன்னூலாசிரியர் பவணந்தியார் வகுத்திருக்கிறார். அவரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்றே கொங்கு மரபு கொண்டாடுவதால், உங்கள் மாணவர்களுக்கு இது பக்கத்து ஊர்க்காரர் சொன்ன விதி. ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ப்ளேயிங்' என்பதுபோல் வரும் எச்சத் தொடர், நம் 'செய்து' எச்சத்தைப் போன்றது. அடுத்து வரும் எழுவாயே அதற்கும் எழுவாயாகும்.

அப்படியானால் மாணவருக்குப் பிழை எப்படி நேர்ந்தது? 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். பெய்தது மழை, நிரம்பியது குளம். 'பெய்ய' என்பது 'பெய்து' எனத் திரிந்து வந்ததாக நம் இலக்கணத்தார் இதற்கு இடம் கொடுத்தார்கள். அந்தச் சலுகை ஆங்கில எச்சத் தொடருக்கு இல்லை. ஆகவே 'ப்ளேயிங் ஸ்வீட் மியூசிக், உதயணன் காம்ஸ் தி எலிஃபன்ட்' என்றோ, 'வென் உதயணன் ப்ளேஸ் ஸ்வீட் மியூசிக், தி எலிஃபன்ட் பிகம்ஸ் காம்' என்றோ எழுதச் சொல்லுங்கள்.

இவ்விரு திருத்தங்களிலும் வினையை நிகழ்காலத்துக்கு மாற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காப்பியத்தினுள் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் சொல்வது நிலைபெற்ற மரபு. கடந்த காலத்தில் சொன்னாலும் குற்றமில்லை, ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. 'பிரச்சோதனன் சென்ட்ஸ் எ மெக்கானிக்கல் எலிஃபன்ட் அண்ட் உதயணன் வாஸ் கேப்சர்ட்' (பிரச்சோதனன் உஞ்சையின் மன்னன்) என்ற வாக்கியம் பாதியில் காலம் மாறுகிறது. 'வாஸ்' இருக்கும் இடத்தில் 'இஸ்' வர வேண்டும்.

நூலின் வரலாறோ கடந்த காலத்துக்கு உரியது. 'உ.வே.சாமிநாதையர் ஹேஸ் பப்ளிஷ்ட் இட் இன் 1924' என்பதில் 'ஹேஸ்' நிற்காது. '1924-இல் பதிப்பித்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பழக்கமே இங்கே வழுக்கச் செய்கிறது. ஆண்டு குறிக்கப்பட்டுவிட்டால் ஆங்கிலத்தில் 'பப்ளிஷ்ட்' என்ற தனி இறந்தகாலமே வரும். மாறாக, 'தி பிகினிங் அண்ட் தி எண்ட் வாஸ் லாஸ்ட்' என்ற வாக்கியத்தில் 'ஹேவ் பீன் லாஸ்ட்' என்பதே பொருத்தம். எழுவாய் இரண்டாதலால் பன்மை வேண்டும் என்பது ஒரு காரணம். காப்பியத்தின் முதலும் முடிவும் இன்றளவும் கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. அன்று நேர்ந்த இழப்பு இன்றும் தொடர்வதை இந்த வினைவடிவம் காட்டுகிறது.

கேள்வி: காப்பியப் பெயருக்கு முன் 'தி' சேர்க்க வேண்டுமா? (காங்கேயம் வாசகர்)

பதில்: ஆங்கிலத்தில் இது வழக்கைப் பொறுத்தது. இலியட், ஒடிசி, ராமாயணா, மகாபாரதா ஆகியவற்றுக்குச் சேர்ப்பார்கள். பியோவுல்ஃப், பாரடைஸ் லாஸ்ட் ஆகியவற்றுக்குச் சேர்ப்பதில்லை. சிலப்பதிகாரத்தை இரு வகையாகவும் எழுதுகிறார்கள். தமிழ்ப் பெயர்களுக்குச் சேர்க்காமல் விடுவதே என் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும். அச்சில் நூற்பெயரைச் சாய்வெழுத்திலும், கையால் எழுதும்போது அடிக்கோடிட்டும் காட்டுக.