ஆடிஷனுக்கு ஒரு நிமிடத் தனி நடிப்பு: 15 வயசுப் பொண்ணு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கீங்க. மகளுக்குப் பழைய படத்து நீதிமன்ற வசனம் மனப்பாடமாம், அதையே நடிக்கலாமான்னு. வேண்டாங்க. தேர்வு செய்றவங்க அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாங்க. மனசுக்குள்ள மூல நடிகரோட ஒப்பிட ஆரம்பிச்சிடுவாங்க.

அவ வயசுக்காரி, அவளுக்குத் தெரிஞ்ச உலகம், எதிரே ஒரு ஆள், அவர்கிட்ட கேட்டு வாங்க வேண்டிய ஒண்ணு. இது போதும். உதாரணத்துக்கு: பாசனத்துக்கு வழக்கமாத் திறக்கிற ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் அணை திறக்கல. போர்வெல் போட அப்பா கொலுசை அடகு வைக்கக் கேட்கிறார். இவ கழட்ட மாட்டேங்கிறா. "இந்த ஒரு தடவை மட்டும்னு போன வருஷமும் சொன்னீங்கப்பா"ன்னு நேரா ஆரம்பிக்கட்டும், முன்கதை வேண்டாம். கத்தாம, கொலுசுத் திருகைத் திருகிக்கிட்டே பேசினா இன்னும் நல்லது. கடைசியில அவளே கழட்டி நீட்டலாம். ஆரம்பத்துல இருந்த மனநிலை முடிவுல மாறியிருக்கணும், அதுதான் முக்கியம்.

நிதானமாப் பேசினா நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். 80-லயே நிறுத்துங்க, மௌனத்துக்கும் நேரம் வேணுமே.

அப்பா நடுவரோட தலைக்குச் சற்றுப் பக்கத்துல நிக்கிறதாக் கற்பனை பண்ணிக்கிட்டுப் பேசணும். நடுவர் கண்ணையே பார்த்துப் பேசினா அவருக்குச் சங்கடம், எழுதவும் முடியாது. அழுகையை ஒத்திகை பார்க்காதீங்க; வந்தா வரட்டும். மறந்துட்டா மன்னிப்புக் கேக்காம அதே ஆளா மூச்சு விட்டுட்டுத் தொடரணும்.

மேடைப் பழக்கத்துக்கு, நரசிம்ம ஜயந்தி சமயத்துல மெலட்டூர்ல நடக்கிற பாகவத மேளாங்கிற தெலுங்கு நாட்டிய நாடகம் பார்க்கக் கூட்டிட்டுப் போங்க. தெலுங்கு புரியாட்டியும் பிரகலாதன் எப்படி நிக்கிறான்னு புரியும்.