டெலோமியரை நீட்டுத கேப்சூல் வாங்கலாமா?

பாளையங்கோட்டைலேர்ந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. வயசு 61, சுகர் உண்டு. சொந்தக்காரப் பையன் ஒரு கேப்சூல் டப்பாவக் கொண்டாந்து "இது டெலோமியர நீட்டும் மாமா, வயசே தெரியாது"ங்கானாம், கூடவே டெலோமியர் அளக்க ரத்த டெஸ்டும் எடுக்கச் சொல்லுதானாம்.

ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி.

செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருண்டு கெடக்குத குரோமோசோமோட ரெண்டு நுனியிலயும் டிடிஏஜிஜிஜின்னு ஆறு டிஎன்ஏ எழுத்து திரும்பத் திரும்ப வரும், அதுதான் டெலோமியர். பத்தமடைப் பாய்க்கு ஓரத்துல துணி வச்சு தைக்காவல்லா, அது மாதிரி காவல். செல்லு ரெண்டாப் பிரியும்போது டிஎன்ஏவ காப்பி எடுக்குத என்சைமுக்கு கடைசி நுனி மட்டும் எட்டாது, அதனால ஒவ்வொரு தடவயும் சுமாரா 50லேர்ந்து 200 எழுத்து போயிரும், ரொம்பக் குட்டையாயிட்டுன்னா செல்லு பிரியுததயே நிப்பாட்டிரும். லேப்ல வளத்த மனுச செல்லு 40, 60 தடவ பிரிஞ்சுட்டு நின்னுரும்னு ஹேஃப்ளிக்ங்க அமெரிக்க விஞ்ஞானி 1961லயே காட்டிட்டாரு.

போன எழுத்த திரும்ப ஒட்டுதது டெலோமரேஸ்ங்க என்சைம். 1984ல கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் குளத்துத் தண்ணில கெடக்குத ஒரு செல் உயிர்ல இதக் கண்டுபிடிச்சாவ, 2009ல ஷோஸ்டாக்ங்க இன்னொரு விஞ்ஞானியோட சேத்து நோபல் பரிசு. நம்ம ஒடம்புல விந்து, முட்டைய உண்டாக்குத செல்லுலயும் புதுச் செல்ல உண்டாக்குத ஸ்டெம் செல்லுலயும் இது வேல செய்யும், மத்த முக்காவாசி செல்லுல அடங்கிக் கெடக்கும்.

அப்ப அதத் தட்டி எழுப்பிட்டா போதுமேன்னு தோணும், கேப்சூல் விக்கவனும் அதத்தான் சொல்லுதான், ஆனா புத்துநோய்ல நூத்துக்கு 85, 90ல இந்த டெலோமரேஸ்தான் முழிச்சுக்கிட்டு இருக்கு, நிக்க வேண்டிய செல்லு நிக்காமப் பெருகுததே இதாலதான். அத மட்டும் அந்தப் பய சொல்ல மாட்டான். இன்னொண்ணு, ஆராய்ச்சிக்கு வளக்குத வெள்ளெலிக்கு நம்மள விட டெலோமியர் ரொம்ப நீளம், ஆயுசு என்னமோ ரெண்டு மூணு வருசந்தான். மூளை நரம்பு செல்லும் இதய தசையும் பிரியுததே அபூர்வம், அதுக்கும் வயசாகத்தானே செய்யுது?

டெஸ்டு ரத்த வெள்ளை அணுவோட சராசரியத்தான் காட்டும், ஒரே வயசுக்காரங்களுக்கே ஏகப்பட்ட வித்தியாசம் வரும். பரம்பரையா வர்ற சில அபூர்வ மஜ்ஜை, நுரையீரல் நோய்க்குத்தான் அது உபயோகம், தேவைன்னா டாக்டரே எழுதித் தருவாவ.

அந்தத் துட்டுல மூணு மாச சராசரி சுகரக் காட்டுத ஹெச்பிஏ1சி டெஸ்டு பாத்துக்கிடுங்க, பீடி சிகரெட் இருந்தா விட்டுருங்க, காலைல வ.உ.சி மைதானத்தச் சுத்தி நடங்க. டப்பாவப் பிரிச்சுத் தின்ன ஆரம்பிச்சாச்சுன்னா நிப்பாட்டிட்டு, அட்டைய சுகர் டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருங்க.