சொந்தமாகச் செய்த சிஎன்சி ரவுட்டருக்கு (கணினி சொல்கிறபடி வெட்டும் மெஷின்) 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) வாங்கலாமா? எந்த கட்டர் போடுவது?

வெட்டப்போவது பிளைவுட், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), எப்போதாவது கொஞ்சம் அலுமினியம் என்கிறீர்கள். அப்படியானால் 2.2 கிலோவாட் எதற்கு? வாட் கணக்கை ஓரமாக வையுங்கள். உங்கள் மெஷின் மரத்துக்குள் நடுங்காமல் எவ்வளவு வேகத்தில் நகரும்? அதை வைத்துத்தான் கட்டர், கட்டரை வைத்துத்தான் ஸ்பிண்டில்.

நிமிடத்துக்கு 1200 மிமீ நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பல் கட்டரை 24,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல் சீவுவது 0.0125 மிமீ. அது வெட்டு இல்லை, உரசல். மரம் கருகும், கட்டர் சூடேறி முனை மழுங்கும். அதே நகர்வில் ஒரு பல் கட்டரை 12,000-இல் ஓட்டினால் பல்லுக்கு 0.1 மிமீ. 6 மிமீ கட்டருக்குப் பிளைவுட்டில் இது நல்ல அளவு. மாவு மாதிரித் தூள் வராமல், கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி சீவல் விழும் (எம்டிஎஃப்பில் இதை எதிர்பார்க்காதீர்கள், அது எப்படி வெட்டினாலும் தூள்தான், மாஸ்க் கட்டாயம்). அதனால் வீட்டு மெஷினுக்கு ஒன்று அல்லது இரண்டு பல் கார்பைடு கட்டர் போதும். நாலு பல் கட்டரைத் தொடவே வேண்டாம்.

ஸ்பிண்டில் விஷயத்தில், 80 மிமீ விட்டமுள்ள 2.2 கிலோவாட் கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும். இசட் அச்சு (கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி) அதைத் தாங்கித் தூக்க வேண்டும். 65 மிமீ, 800 வாட், ஈஆர்11 அளவு காலட் (கட்டரின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) உள்ளது 7 மிமீ தண்டு வரை பிடிக்கும். நீங்கள் சொன்ன வேலைக்குத் தாராளம். 12 மிமீ கட்டர் போட்டே ஆக வேண்டும் என்றால்தான் அதைவிடப் பெரிய ஈஆர்20 காலட். டிரிம் ரவுட்டரும் (கையில் பிடித்து ஓட்டும் சிறு ரவுட்டர்) தொடங்குவதற்கு மோசமில்லை. ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், கார்பன் பிரஷ் தேயும், வேகத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுத்து அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டியில் கவனம். இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில்தான் 24,000 ஆர்பிஎம் சுற்றும். அடிப்படை ஃப்ரீக்வன்சி 50 என்றே இருக்கும் விஎஃப்டியை அப்படியே இணைத்தால், குறைந்த வேகத்திலேயே முழு வோல்டேஜும் ஏறி சுருள் எரிந்துபோகும். ஸ்பிண்டில் கையேட்டில் உள்ளதை அமைத்த பிறகே ஸ்டார்ட். விலை குறைந்த ஸ்பிண்டில்கள் பலவற்றில் எர்த்துக்கான நாலாவது பின் உள்ளே உடம்போடு இணைந்தே இருக்காது. மல்டிமீட்டரால் சோதித்து, இல்லையென்றால் எர்த் கொடுங்கள்.

கட்டர் ரகத்தில், அப்கட் சீவலை மேலே தள்ளும். பிளைவுட்டின் மேல் தோல் பிய்யும். டவுன்கட் மேல் விளிம்பைச் சுத்தமாக வைக்கும், ஆனால் ஆழமான பள்ளத்தில் சீவல் அடைத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு 3 அல்லது 4 மிமீ ஒரு பல் கட்டர், பளபளப்பாகத் தீட்டியது, ஆழம் 0.2 மிமீயில் ஆரம்பித்துப் பாருங்கள். காற்றால் சீவலை ஊதிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் அது கட்டரில் அப்பிக்கொண்டு பட்டென்று உடையும்.

காலட்டை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். கட்டர் 0.05 மிமீ ஆடினாலே இரண்டு பல்லில் ஒன்றுதான் பெரும்பாலான வெட்டைச் சுமக்கும். மாட்டும்போது காலட்டை முதலில் நட்டுக்குள் 'கிளிக்' என்று உட்கார வைத்து, அதன் பிறகு ஸ்பிண்டிலில் திருகுங்கள்.