அப்பா சிரித்த இடத்தில் நிறுத்திவிட்டீர்களே

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஒரு வருடமாகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை. இனி நோயை மாற்ற முடியாது என்று போன மாதம் டொக்டர் என்னிடம் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா, “அப்பாவுக்குச் சொல்லாதே, தாங்கமாட்டார்” என்கிறார். ஜூலையில் பிள்ளைகளின் விடுமுறைக்கு வருவாராம். போன ஞாயிறு மகன் லப்டொப்பில் ‘த பக்கெட் லிஸ்ட்’ என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கதை புரிந்ததும் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். சாகப்போகிறவர்களை வைத்துப் பகிடி பண்ணலாமா? இது எங்கள் பண்பாடா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பண்ணலாம். அந்தப் படத்தை எடுத்ததில் பிழையில்லை, உங்கள் அப்பா சிரித்ததிலும் பிழையில்லை. நீங்கள் நிறுத்தியதுதான் பிழை. உங்கள் மனநிலை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ரொப் ரைனர் இயக்கி 2007இல் வந்த படம் அது. ஜாக் நிக்கல்சன் பல ஆஸ்பத்திரிகளுக்குச் சொந்தக்காரர். ஓர் அறையில் இரண்டு கட்டில், யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று சட்டம் போட்டவர். அவருக்கே புற்றுநோய் வந்து, அதே சட்டப்படி இன்னொருவரோடு ஒரே அறையில் படுக்க வேண்டி வருகிறது. பக்கத்துக் கட்டிலில் மோர்கன் ஃப்ரீமன், கார் திருத்தும் மெக்கானிக். இருவருக்கும் மிச்சம் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். செய்து பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பணக்காரர் எங்கே போனாலும் உலகத்திலேயே விலை கூடிய கோப்பியைத்தான் குடிப்பார், அதைப் பற்றிப் பெருமையும் அடிப்பார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மெக்கானிக் அந்தக் கோப்பி எப்படிக் கிடைக்கிறது என்பதை அவரையே வாசிக்க வைக்கிறார். சுமாத்திராவில் மரநாய் கோப்பிப் பழத்தைத் தின்னும், அதன் எச்சத்தில் கிடக்கும் கொட்டையைப் பொறுக்கி எடுத்து வறுப்பார்கள். (கொழும்பில் நம் கூரைமேல் இரவில் ஓடுகிற அதே இனம்தான்.) இருவரும் கண்ணீர் வரும்வரை சிரிக்கிறார்கள். ‘அழும்வரை சிரிக்க வேண்டும்’ என்பதும் அந்தத் தாளில் இருந்த ஒன்று. மெக்கானிக் அதைக் கோடு போட்டு வெட்டிவிடுகிறார். அதன் பிறகு அவர் அறுவைச் சிகிச்சை மேசையிலிருந்து எழும்பவில்லை. நீங்கள் பாதியில் நிறுத்தியதால் உங்கள் அப்பா இந்தக் காட்சியைப் பார்த்திருக்கமாட்டார். எனக்கு அதுதான் மனவருத்தம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்த இருவருக்கும் தங்கள் நிலைமை தெரியும். டொக்டரிடமே கேட்டு அறிந்துகொள்கிறார்கள். தெரிந்ததால்தான் தாளையும் பேனையையும் எடுக்க முடிந்தது. தெரியாத மனிதன் எதைப் பட்டியல் போடுவான்? அடுத்த கிளினிக் திகதியைத்தான்.

இனி, பண்பாடு. கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம் 1965இல் வந்த ‘நீர்க்குமிழி’. கதை நடப்பது ஆஸ்பத்திரியில். புற்றுநோயாளியாக வருகிறவர் நாகேஷ். வார்டில் எல்லோரையும் வம்புக்கு இழுத்துச் சிரிக்கவைத்துக்கொண்டு திரிவார். சுரதா எழுதி, சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ அந்தப் படத்துப் பாட்டுத்தான். செத்த வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைக்கிற பலருக்கு, அது நாகேஷின் பகிடிகளுக்கு நடுவே பிறந்தது என்பது நினைவில் இல்லை.

செத்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு முழுக்கக் கதிரை போட்டு விழித்திருப்பார்கள், ஒரு பக்கம் காட்ஸ் விளையாட்டு நடக்கும், பிளேன்ரீ வரும். செத்தவர் கோபத்தில் பக்கத்து வீட்டுச் சேவலைத் துரத்திய கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அழுதுகொண்டிருந்த பெண்சாதியும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பார். செத்தவரைப் பற்றிச் சிரிக்க நம் பண்பாடு இடம் தருகிறது. அவர் உயிரோடு இருக்கும்போது அவரோடு சேர்ந்து சிரிக்க மட்டும் தடை போடுகிறதா?

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரொஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க விமர்சகர் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். அவரே புற்றுநோயாளி, அறுவைச் சிகிச்சைகளில் பேச்சை இழந்தவர். அந்த நோயும் அந்த மனிதர்களும் நிஜத்தில் இப்படி இல்லை என்பது அவருடைய கோபம். அதில் நியாயம் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவுக்குப் போகும் 138 பஸ்ஸில் ஒரு காலை நேரம் ஏறிப்பாருங்கள். கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவோடிரவாக வந்தவர்கள் நின்றுகொண்டு வருவார்கள். படத்தில் வருகிற தனி விமானமும் பிரமிட்டுப் பயணமும் அவர்களுக்கு இல்லை. வலியையும் அந்தப் படம் இலேசாகத் தாண்டிப் போய்விடுகிறது. வலி இருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. அப்பாவுக்கு வலி இருந்தால் டொக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மோர்பின் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து ஓடாதீர்கள். டொக்டர் சொன்ன அளவில் கொடுத்தால், நிம்மதியாக உட்கார்ந்து பேசவைக்கிற மருந்து அது.

ஆனால், காசில்லாதவனுக்கு ஆசைப் பட்டியல் இல்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். என் அப்பாவிடம் ஒன்று இருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். 2003இல் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. ‘அல்சர்’ என்று சொல்லிவிட்டோம். கிளினிக் கொப்பியை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த மார்கழியில், “திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்துக்கு ஒருக்கால் போய் வருவமே” என்று அப்பா கேட்டார். அவருடைய ஊர்ச் சிவன் கோயில் அது. யுத்தத்தால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்த காலம். ஒரு வானைப் பிடித்தால் ஒரு நாள் பயணம். அவரும் மெதுவாக நடந்துகொண்டுதான் இருந்தார். “அல்சர் சுகமாகட்டும் அப்பா, அடுத்த மார்கழிக்குப் போவம்” என்று சொன்னது நான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். பங்குனியில் அவர் போய்விட்டார்.

அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவில்லை. கடைசி இரண்டு மாதமும் அவரோடு நான் பேசியதெல்லாம் சாப்பாடு, குளிசை, எக்ஸ்-ரே. பெரிய பகிடிக்காரர் அவர். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் எங்கே அழுதுவிடுவோமோ என்ற பயம். 2006இல் பாதையை மறுபடி மூடிவிட்டார்கள். அவருக்காக ஒரு அர்ச்சனை செய்யக்கூட அம்மாவால் பல வருடம் அங்கே போக முடியவில்லை.

ஆகவே “தாங்கமாட்டார்” என்கிற உங்கள் அண்ணாவிடம், யார் தாங்கமாட்டார் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் தாங்க முடியாமல் இருந்தது நான்தான். சொன்னால் நம்பிக்கை போய்விடும், ஆயுள் குறையும் என்று அண்ணா பயப்படுகிறார் போலும். பொஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலிதணிப்புப் பராமரிப்பும் கிடைத்தவர்கள் நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதைவிடக் கூட, பாதிப் பேர் அதைவிடக் குறைய) 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். அந்தப் பராமரிப்புக் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வும் குறைவு. உண்மையைச் சொன்னால் ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பராமரிப்பில் பாதி வேலை, நோயாளியோடு உட்கார்ந்து நிலைமையைப் பேசுவதுதான். பேச்சு யாரையும் கொல்லவில்லை.

எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க வேண்டாம். “டொக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியவேணுமா அப்பா? எவ்வளவு தெரியவேணும்?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவருடைய உரிமை. அவர் கேட்டால் மறைக்காதீர்கள். பக்கத்தில் டொக்டரோ தாதியோ இருந்தால் இன்னும் நல்லது. பிறகு அவர் என்ன கேட்கிறாரோ அதைச் செய்யுங்கள். காலிமுகத்திடலில் ஒரு இறால் வடையாக இருக்கலாம், பேசாமல் விட்ட தம்பிக்கு ஒரு போன் கோலாக இருக்கலாம்.

அண்ணாவை ஜூலை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிக்கெட்டை முன்னுக்கு மாற்றட்டும். அவர் வந்ததும், அப்பாவுக்கு விருப்பம் என்றால், நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து அந்தப் படத்தைப் போடுங்கள்.